28 கட்டம் மாத்திரை டப்பா: ஆறு மாசம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது, எங்க வீட்டு படர்தாமரை கதையோட

வாங்குனது வாரத்துக்கு மாத்திரை போட்டு வைக்கிற டப்பா. ஏழு கிழமைக்கு ஏழு நீள டப்பா, ஒவ்வொண்ணுலயும் காலை மதியம் சாயங்காலம் ராத்திரின்னு நாலு நாலு மூடி, மொத்தம் 28 கட்டம், எல்லாம் ஒரு தட்டுல வரிசையா உக்காந்திருக்கும், வேணும்னா அன்னைக்கு உள்ளத மட்டும் தனியா கழட்டி பையில போட்டுக்கலாம். ஆன்லைன்ல 249 ரூபா. ஆறு மாசம் ஆச்சு. மார்க் கேட்டா அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒரு மார்க் எதுக்கு போச்சுன்னு கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி எதுக்கு வாங்குனேன்னு சொல்லியாகணும், ஏன்னா படர்தாமரை வந்து மருந்து சாப்ட்டும் போகலன்னு கஷ்டப்படறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் முக்கியமா எழுதறேன்.

நாங்க திருப்பூர். நான் பனியன் கம்பெனில செக்கிங், வீட்டுக்காரரு அயர்னிங். ஸ்டீம் அயர்ன் டேபிள்கிட்ட பத்து மணி நேரம் நிக்கற வேலை, சட்டை பேன்ட் எல்லாம் வேர்வைல ஊறிப் போயிரும். போன வருசத்துக்கு முந்தின சித்திரைல அவருக்கு இடுப்புல அரைஞாண் கயிறு படற இடத்துல வட்டமா செவப்பா ஒண்ணு வந்துச்சு, ஓரம் மட்டும் தடிச்சு நடுவுல தெளிஞ்ச மாதிரி. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு, ராத்திரி தூங்கவே மாட்டாரு. பக்கத்துல ஒரு மெடிக்கல்ல காட்டுனோம், பாத்த உடனே ஒரு டியூப் எடுத்து குடுத்தாங்க. ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுருச்சு. ஆகா நல்ல மருந்துன்னு நாங்களும் சந்தோசப்பட்டோம். நிறுத்துன பத்தாம் நாள் திரும்ப வந்துச்சு, திரும்ப அதே டியூப், இப்படியே எத்தனை டியூப்னு கணக்கே இல்ல. அதுக்குள்ள எனக்கு தொடையில வந்துச்சு, மாமியாருக்கு மார்புக்கு கீழ வந்துச்சு, கடைசில பையன் கன்னத்துலயும் வந்தப்பதான் பயமே வந்துச்சு.

தோல் டாக்டர்கிட்ட போனப்ப அந்தம்மா முதல்ல கேட்டது, இதுவரைக்கும் பூசுன டியூப் எல்லாம் எடுத்துட்டு வந்தீங்களா அப்படின்னு. ஒரு கவர் நிறைய குடுத்தேன். அதுல பாதிக்கு மேல குளோபெட்டாசால்னு ஒரு ஸ்டீராய்டு, கூடவே ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு பூஞ்சை மருந்து, எல்லாம் ஒரே டியூப்ல கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் செவப்பையும் அடக்கிரும், ஏன்னா அது நம்ம உடம்போட எதிர்ப்பையே அடக்குது, உடம்பு சண்டை போடறத நிறுத்துனா பூஞ்சைக்கு கொண்டாட்டம், உள்ளுக்குள்ள பரவிக்கிட்டே இருக்கும்னு சொன்னாங்க. வட்டத்துக்குள்ள வட்டமா அவருக்கு வந்திருந்தது பாத்தீங்களா, அது ஸ்டீராய்டு பூசுனதோட அடையாளம்னாங்க. 2018லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதிய மாத்தியிருக்காம். எங்களுக்கு ஒரு தடவை கூட யாரும் சீட்டு கேட்டதில்ல, இன்னைக்கும் அதை நெனச்சா வயிறு எரியுது.

டாக்டர் பிளேடு மாதிரி ஒண்ணுல ஓரத்துல இருந்து செதில் சொரண்டி, கே.ஓ.எச்னு ஒரு ரசாயனத்த சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க. பூஞ்சைதான்னு உறுதி ஆச்சு. அவரு முன்னாடியே டெர்பினாபின் 250ன்னு ஒரு பூஞ்சை மாத்திரைய ஒரு மாசம் சாப்ட்டிருந்தாரு, ஒண்ணும் கேக்கல. அதுக்கும் காரணம் சொன்னாங்க. பூஞ்சைக்கு தன் உடம்ப சுத்தி இருக்கற சவ்வ கட்டறதுக்கு எர்கோஸ்டெரால்னு ஒரு சாமான் வேணுமாம், நமக்கு கொலஸ்ட்ரால் மாதிரி அதுக்கு அது. அந்த சாமான் தயாராகற வழில முதல் பக்கத்துல ஒரு நொதிய டெர்பினாபின் அடைக்கும், அதே வழில கொஞ்சம் தள்ளி இன்னொரு நொதிய இட்ரகோனசோல்னு வேற ஒரு பூஞ்சை மருந்து அடைக்கும். இப்ப நம்ம நாட்டுல பரவிட்டு இருக்கற வகை பூஞ்சைல நிறையதுக்கு அந்த முதல் நொதியோட அமைப்பே மாறிப்போச்சு, அதனால டெர்பினாபின் போய் ஒட்டவே முடியல. அந்த பூஞ்சைக்கு பேரே டிரைக்கோபைட்டான் இண்டோடினியே, 2020ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் வெச்ச பேரு, இந்தியால இருந்தும் நேபாளத்துல இருந்தும் போனவங்ககிட்ட எடுத்து பாத்தது. 2023ல அமெரிக்காவுல நியூயார்க்ல ரெண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை வந்துச்சுன்னு அவங்க அரசு நோய்த்தடுப்பு மையம் அறிக்கையே விட்டுச்சு, அதுல ஒருத்தங்க சமீபத்துல வெளிநாடே போகாதவங்க. நம்ம ஊரு பேரு ஒரு தோல் நோய் பூஞ்சைக்கு வந்துருச்சேன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

எங்களுக்கு எழுதுனது இட்ரகோனசோல் 100, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, சாப்ட்ட உடனே. முதல்ல 28 நாளைக்கு 56 கேப்சூல். எழுதறதுக்கு முன்னாடி இதயத்துல பிரச்சனை இருக்கா, கால் வீங்குமான்னு எல்லார்கிட்டயும் கேட்டாங்க, ஏன்னா இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு இந்த மருந்து ஆகாது. கல்லீரல் ரத்த டெஸ்ட் எடுத்தாங்க. மாமியார் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்டறாங்க, அதை இந்த மருந்து முடியற வரைக்கும் நிறுத்தி வெக்க சொன்னாங்க, ரெண்டும் சேந்தா கொலஸ்ட்ரால் மருந்து ரத்தத்துல ஏறி தசைய கெடுக்குமாம். என்கிட்ட மாசமா இருக்கீங்களான்னு கேட்டாங்க. இதையெல்லாம் மெடிக்கல் கடைல நேரா போய் வாங்குனா யாரு கேப்பாங்க சொல்லுங்க. அதனால இதை படிச்சுட்டு யாரும் தானா போய் வாங்கிராதீங்க. பையனுக்கு பூசற மருந்து மட்டும்தான், மாத்திரை வேண்டாம்னுட்டாங்க.

மூணு வாரம் ஆச்சு. எனக்கு பரவால்ல, அவருக்கு பாதிக்கு பாதி, மாமியாருக்கு பெருசா மாத்தமே இல்ல. இந்த மருந்தும் கேக்காத பூஞ்சை போலன்னு மனசு விட்டுப்போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை நாத்தனார் பொண்ணு வந்துச்சு. அது பார்ம் டின்னு மருந்து சம்பந்தமான படிப்பு படிக்குது, மருந்த ஜனங்க ஒழுங்கா சாப்டறாங்களாங்கறதுதான் அதோட ப்ராஜெக்ட். எங்க பொலம்பல கேட்டுட்டு ஒண்ணுமே பேசல, "அத்தை, அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. உக்காந்து எண்ணுச்சு. 21 நாள் முடிஞ்சிருக்கு, ஆளுக்கு 42 போயிருக்கணும், 14 மிச்சம் இருக்கணும். மாமியார் அட்டைல 25 மிச்சம்! 42ல 31தான் உள்ள போயிருக்கு, நூத்துக்கு 74. அவருக்கு 19 மிச்சம், அதாவது 37 போயிருக்கு. எனக்கு 16. "நூத்துக்கு 80க்கு மேல இருந்தாதான் ஒழுங்கா சாப்ட்டாங்கன்னு ஆராய்ச்சில பொதுவா கணக்கு வெப்பாங்க, அம்மாயி பெயில்"னு சொல்லுச்சு. மாமியாருக்கு கோவம் வந்துருச்சு, "நான் தெனமும் சாப்டறேன் கண்ணு, சாமி சத்தியமா"ன்னாங்க. அவங்க பொய் சொல்லல. நெஜமாவே சாப்ட்டோம்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்க. சக்கரைக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒண்ணு, சத்து மாத்திரை ஒண்ணுன்னு கை நிறைய முழுங்கறவங்களுக்கு அதுல ஒண்ணு குறைஞ்சா எப்படி தெரியும்.

அந்த பொண்ணு சொன்ன விசயம் எனக்கு அப்படியே மனசுல நிக்குது. 1989ல அமெரிக்காவுல ஜாய்ஸ் கிராமர்னு ஒரு ஆராய்ச்சியாளர், வலிப்பு நோய்க்காரங்களுக்கு ஒரு பாட்டில் குடுத்தாங்களாம், மூடிக்குள்ள குட்டி சிப், எப்பல்லாம் திறக்கறாங்களோ அந்த தேதியும் நேரமும் பதிஞ்சுரும். ஒரு நாளைக்கு ஒரு வேளை மருந்துன்னா நூத்துக்கு 87 வேளை சரியா எடுத்தாங்க, ரெண்டு வேளைன்னா 81, மூணு வேளைன்னா 77, நாலு வேளைன்னு ஆனப்ப 39தான். வலிப்பு வந்துரும்னு பயம் இருக்கறவங்களுக்கே இந்த கதி. உலக சுகாதார நிறுவனம் 2003ல போட்ட அறிக்கைலயும் நீண்ட நாள் நோய்க்கு மருந்து எடுக்கறவங்கள்ல பணக்கார நாடுகள்லயே சராசரியா பாதிப் பேருதான் ஒழுங்கா எடுக்கறாங்கன்னு இருக்காம். மாமியாருக்கு இதை சொன்னதும்தான் கோவம் தணிஞ்சுச்சு, "வெள்ளக்காரனும் மறக்கறானா"ன்னு கேட்டாங்க.

இந்த ஆராய்ச்சில நம்ம ஊருக்கு பெரிய பங்கு இருக்குன்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். 1956ல மெட்ராஸ் சேத்துப்பட்டுல காசநோய்க்கு ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, வாலஸ் பாக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் தலைமைல. இப்ப தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்ங்கறோமே அதுதான். அந்தக் காலத்துல காசநோய்னா சானடோரியம்ங்கற காசநோய் ஆஸ்பத்திரில மாசக்கணக்கா படுக்கணும், தாம்பரம் சானடோரியம்னு ரயில்வே ஸ்டேஷன் பேரு இன்னும் இருக்குல்ல, அங்கதான். இவங்க நோயாளிகள ரெண்டா பிரிச்சு பாதிப் பேர சானடோரியத்துலயும் பாதிப் பேர அவங்கவங்க வீட்லயும் வெச்சு ஒரு வருசம் மருந்து குடுத்தாங்க. வீட்ல இருந்தவங்க ஏழைங்க, இருக்கறது நெருக்கடியான வீடு, சாப்பாடு சரியில்ல, ஆனாலும் கிட்டத்தட்ட சானடோரியம் அளவுக்கே குணமானாங்க. வீட்ல விட்டா ஒழுங்கா முழுங்குவாங்களான்னு சந்தேகம் இருந்ததால சொல்லாம கொள்ளாம வீட்டுக்கே போய் மிச்ச மாத்திரைய எண்ணுவாங்களாம், யூரின் வாங்கி அதுல மருந்து இருக்கான்னும் பாப்பாங்களாம். எங்க வீட்டு திண்ணைல எங்க பொண்ணு அட்டைய எண்ணுனது அறுபது எழுவது வருசத்துக்கு முன்னாடி சேத்துப்பட்டுல இருந்து கெளம்புன வேலைதான்னு நெனச்சப்ப எனக்கு பெருமையா இருந்துச்சு. எண்ணிக்கைய மட்டும் நம்பவும் முடியாது, டாக்டர பாக்கப்போற முந்தின நாள் மிச்சத்த தூக்கிப் போட்டுட்டு வர்றவங்களும் உண்டுன்னு சொல்லுச்சு.

சரி டப்பாவுக்கு வரேன். அன்னைக்கு சாயங்காலமே ஆர்டர் போட்டது இதுதான். முதல்ல 14 கட்டம் உள்ளது பாத்தேன், மாமியாருக்கு காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு இருக்கறதால பத்தாது, 28தான் சரி. ஞாயித்துக்கிழமை காலைல எண்ணெய் தேச்சு குளிச்சுட்டு வந்து ஒரு வாரத்துக்கு நிரப்பி வெச்சுருவேன், பத்து நிமிச வேலை. இதுல பெரிய லாபம் என்னன்னா கேள்வி கேக்க வேண்டியதில்ல. முன்னாடி "அத்தை மாத்திரை போட்டீங்களா"ன்னு கேட்டா "போட்டேன் போட்டேன்"னு வரும், சந்தேகத்துலயே ரெண்டு பேருக்கும் மொகம் சுருங்கும். இப்ப சமையக்கட்டுக்கு போறப்ப ஒரு பார்வை, கட்டம் காலியா இருந்தா போட்டாச்சு. மறந்துட்டமோன்னு ரெண்டாவது தடவை போட்டுக்கற ஆபத்தும் இல்ல, சக்கரை மாத்திரைல அது எவ்ளோ பெரிய ஆபத்துன்னு வயசானவங்க இருக்கற வீட்டுக்கு தெரியும்.

அடுத்த 28 நாளைக்கு திரும்ப எண்ணுனோம். மாமியார் 56ல 54. அவரு 55. ஆறாவது வாரத்துல அவருக்கு தடிப்பு எல்லாம் அமுங்கி கறுப்பு தழும்பு மட்டும் நின்னுச்சு, டாக்டர் எட்டு வாரம் முடிக்க சொன்னாங்க. மாமியாருக்கு சக்கரை இருக்கறதால இன்னும் நாலு வாரம் சேந்துச்சு, ஆனா போயிருச்சு. தோல் தெளிஞ்ச பொறவும் ரெண்டு வாரம் கிரீம் பூசணும், தடிப்பு இருக்கற இடம் மட்டும் இல்லாம சுத்தி ரெண்டு விரக்கடை தள்ளியும் பூசணும்னு சொன்னதையும் விடாம செஞ்சோம்.

டப்பா மட்டும் காரணம்னு சொன்னா பொய்யாயிரும். அவரு விசயத்துல இன்னொன்னு நடந்துச்சு. அவருக்கு நெஞ்சு கரிக்குதுன்னு காலைல எந்திரிச்ச உடனே ஒரு கேஸ் மாத்திரை போடற பழக்கம், டாக்டர்கிட்ட அதை மருந்துன்னே சொல்லல, தெனமும் போடறதுதானேன்னு விட்டுட்டாரு. இட்ரகோனசோல் கேப்சூல் கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும், அதுக்குத்தான் சாப்ட்ட உடனே போட சொல்றது. கேஸ் மாத்திரை அமிலத்தையே குறைச்சுரும், அப்பறம் கேப்சூல் எப்படி கரையும், உள்ள போயும் போகாத கணக்குதான். இவரு வெறும் வயித்துல கேஸ் மாத்திரை, அது கூடவே இட்ரகோனசோல், அப்பறம் டீ, கம்பெனி போய் ஒம்பது மணிக்கு டிபன்! அந்த பொண்ணுதான் கண்டுபிடிச்சுச்சு. டாக்டர்கிட்ட கேட்டு கேஸ் மாத்திரைய நிறுத்துனாங்க, காலை கேப்சூல டிபன் பாக்ஸ்லயே கட்டி குடுத்து விட்டேன். எண்ணிக்கைல 37 போனதா இருந்தாலும் அதுல காலைல போட்டதுல எவ்ளோ ரத்தத்துல சேந்துச்சோ. இதை எந்த டப்பாவும் காட்டாது. மருந்து எழுதுன டாக்டரோ குடுத்த கடையோ வேற என்ன மாத்திரை போடறீங்க, எப்ப சாப்டறீங்கன்னு உக்காந்து கேட்டாதான் வெளிய வரும், நாமளும் கேஸ் மாத்திரை வரைக்கும் மறைக்காம சொல்லணும்.

இப்ப கொறைங்க. ஒரு மார்க் போனது இதுக்குத்தான்.

கிழமை எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. மாமியாருக்கு தமிழ்தான் படிக்க தெரியும். நான் ஸ்டிக்கர்ல தி, செ, பு, வின்னு எழுதி ஒட்டுனேன், வியாழன் வியும் வெள்ளி வெயும் கண்ணு தெரியாம மாத்திகிட்டாங்க. அப்பறம் பழைய தினசரி காலண்டர்ல கிழமை பெருசா அச்சடிச்சிருக்கும்ல, அதை வெட்டி ஒட்டி மேல செல்லோ டேப் போட்டேன், இப்ப சரியா இருக்கு. தமிழ்நாட்டுல விக்கற சாமானுக்கு தமிழ்ல கிழமை போட்டா என்ன, எத்தனை வயசானவங்க வாங்குவாங்க.

மூடி ரொம்ப இறுக்கம். வயசானவங்க நகத்தால திறக்கவே முடியல, முதல் வாரம் கரண்டி காம்பால நெம்பி திறந்தாங்க. நாலு மாசம் ஆனதும் தளந்துச்சு, ஆனா ரெண்டு மூடி இப்ப அளவுக்கு மேல தளந்து பைக்குள்ள தானா திறந்துக்குது. சின்ன பசங்க இருக்கற வீட்ல எட்டாத எடத்துல வெக்கணும், இதுல குழந்தைங்க திறக்க முடியாத பூட்டு கீட்டு எதுவும் கிடையாது.

ஈரம் அடுத்தது. அட்டைல இருந்து மாத்திரைய பிரிச்சு போட்டா மழை மாசத்துல பிசுபிசுன்னு ஆகுது. கேப்சூலுக்கு ஈரம் ஆகவே ஆகாது. அதனால பிரிக்காம கத்திரியால ஒவ்வொண்ணா அட்டையோட வெட்டி போடறேன், 28 கட்டத்துல அப்படி போட்டா ரெண்டுதான் ஒரு கட்டத்துல அடங்கும், கொஞ்சம் நெருக்கடிதான். வெட்டறப்ப தேதியும் பேரும் அச்சடிச்சிருக்கற ஓரத்த மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கங்க. வெட்டுன அட்டை ஓரம் கூர்மையா இருக்கும், அவங்க மறந்து அட்டையோட முழுங்கிறாம ஒரு ஆள் பக்கத்துல இருக்கறது நல்லது.

நேரத்த இது சொல்லாது. எட்டு மணி மாத்திரைய பன்னெண்டுக்கு போட்டாலும் கட்டம் காலிதான். காசநோய்க்கு நம்ம நாட்டுல ஒரு முறை கொண்டாந்தாங்களே, மாத்திரைய அட்டைல இருந்து பிதுக்குனா பின்னாடி மறைஞ்சிருக்கற போன் நம்பர் தெரியும், அதுக்கு மிஸ்டு கால் குடுத்தா இன்னைக்கு போட்டாச்சுன்னு பதிவாகும், 99 டாட்ஸ்னு பேரு. சாதா போன் போதும், காசும் கிடையாது. படர்தாமரை மாத்திரைக்கும் அப்படி ஒண்ணு வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு தோணுது, ஏன்னா இதுவும் ரெண்டு மூணு மாசம் போடற மருந்து, அரிப்பு நின்ன ரெண்டாவது வாரத்துலயே எல்லாரும் விட்டுடறாங்க. எங்க கம்பெனிலயே நாலு பேர எனக்கு தெரியும்.

யாரு வாங்கலாம்னா, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல மாத்திரை போடறவங்க, வயசானவங்க இருக்கற வீடு, ஒரே வீட்ல ரெண்டு மூணு பேரு ஒரே மருந்து சாப்டறவங்க. ஆளுக்கு ஒண்ணு தனித்தனி கலர்ல வாங்குங்க, ஒரே கலர் வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரே மாத்திரைதான்னா இது தேவையில்ல, அட்டைல பேனால கிழமை எழுதி வெச்சாலே போதும்.

படர்தாமரைக்காரங்களுக்கு இன்னொன்னு, மாத்திரை கூடவே துணி விசயத்தையும் பாருங்க. துண்டு ஆளுக்கு ஒண்ணு, உள்ளாடைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி வெயில்ல காய போடறது, இறுக்கமான ஜீன்ஸ் விட்டுட்டு காட்டன். அரைஞாண் கயிறு அவருக்கும் பையனுக்கும் அவுத்தோம், மாமியார் ஒத்துக்கவே இல்ல, மூணு நாள் பேச்சில்ல. வேர்வைலயே ஊறிக்கிட்டு பூஞ்சைய தாங்கிட்டு இருக்கறது அந்த கயிறுதான்னு டாக்டரே எடுத்து சொன்ன பொறவுதான் எறங்கி வந்தாங்க, இப்ப பையனுக்கு வெள்ளில போட்டுக்கலாம்னு அவங்களே பணம் சேத்துட்டு இருக்காங்க.

தளந்து போன மூடிக்காக கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், மூடி மட்டும் தனியா தர்றாங்களான்னு. பதில் வந்ததும் இதுலயே சேக்கறேன்.